வில்லின் தாளம், பிக்கின் கை: பிடில் மெட்டுகளைக் கிதாரில் மீட்டும் கலை பற்றி

1950களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஜாக் வில்லியம்ஸ் என்பவர் நடத்திய நடன இசைக்குழுவில் பிடில் வாசிக்க ஆளில்லை. ஸ்கொயர் டான்ஸ் ஆட வந்தவர்களுக்கோ பிடில் மெட்டுகள்தான் வேண்டும். குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசித்துவந்தவர் ஆர்தல் ‘டாக்’ வாட்சன், குழந்தையிலேயே பார்வை இழந்தவர். அந்த மெட்டுகளை அவர் கிதாரிலேயே வாசித்து ஆட்டத்தை ஓட்டினார். 1960இல் நாட்டார் இசையைத் தேடித் திரிந்த ரால்ஃப் ரின்ஸ்லர் அவரைச் சந்தித்தார். 1963இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் அவர் வாசித்தார். அடுத்த ஆண்டு வான்கார்டு நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் தனி இசைத்தட்டில் ‘பிளாக் மவுண்டன் ராக்’ இருந்தது. பிடிலுக்கே உரியதாகக் கருதப்பட்ட மெட்டு ஒன்று சாதாரணக் கிதாரில், விரல்களிடையே பிடித்துத் தந்தியைத் தட்டும் ஒரே ஒரு பிக்கால், அந்த வேகத்தில் வருவதைக் கேட்ட தலைமுறை ஒன்று கிதாரைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டது. ஃபிளாட்பிக்கிங் என்று இன்று அழைக்கப்படும் வாசிப்புமுறை பரவியது அதற்குப் பிறகுதான்.

ஸ்வரங்களைப் பிடிலிலிருந்து கிதாருக்குக் கொண்டுபோவது பெரிய காரியமில்லை. எந்தத் தந்தியில் எந்தக் கட்டை என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். மெட்டைத் துள்ளவைப்பது ஸ்வரம் அல்ல, பிடில்காரரின் வலது கை. ஒரே இழுப்பில் மூன்று ஸ்வரங்களைச் சேர்க்கவும், நான்காவதைத் தனியே வெட்டவும், இழுத்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் அழுத்தம் கூட்டவும் வில்லால் முடியும். பிக்கால் முடியாது. அதற்கு ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு தட்டல். தட்டிய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்கிவிடும். அப்படியானால் தட்டு விழாத இடத்தில் அழுத்தம் விழும் இந்த மெட்டுகளை வாசிக்கும்போது பிக் பிடித்த கை எந்த ஒழுங்கில் இயங்க வேண்டும்? அறுபது ஆண்டுகளாகக் கிதார், மாண்டலின், பாஞ்சோ வாசிப்பவர்கள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகளைச் சொல்லிவருகிறார்கள். அந்த விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

மெட்டின் சட்டகம்

பெரும்பாலான பிடில் மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு பார் (தாள அளவு) நீளம். ஒவ்வொன்றையும் இருமுறை வாசிப்பார்கள். ஆக ஒரு சுற்றுக்கு 32 பார். ரீல் வகை மெட்டில் ஒரு பாருக்கு எட்டு ஸ்வரங்கள், ஆடுபவரின் கால் இரண்டு முறை தரையில் படும். நிமிடத்துக்கு 120 அடி என்ற நடன வேகத்தில் ஒரு சுற்று 32 வினாடியில் முடிந்துவிடும். வினாடிக்கு எட்டு ஸ்வரங்கள். கை யோசித்து முடிவெடுக்க இதில் நேரமே இல்லை.

இந்த எட்டை இரண்டிரண்டாகவோ நான்கு நான்காகவோ பிரித்து வாசித்தால் மெட்டு சரியாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்டம் வராது. அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழைய வாசிப்பும் அதிலிருந்து கிளைத்த புளூகிராஸும் இந்த எட்டை அடிக்கடி 3+3+2 என்று உடைக்கின்றன. நம் வாயில் சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும்: தகிட தகிட தக. மொத்தம் எட்டுதான், ஆனால் அழுத்தம் ஒன்றாவது, நான்காவது, ஏழாவது ஸ்வரங்களில் விழுகிறது. கால் ஒன்றிலும் ஐந்திலும் தரையில் படுகிறது. காலுக்கும் காதுக்கும் நடுவே உண்டாகும் இந்த இழுபறிக்குத்தான் சிங்கோபேஷன் என்று பெயர். இன்னொரு வகையும் உண்டு: பலமான தட்டில் வரவேண்டிய ஸ்வரம் அரைத் தட்டு முன்னாலேயே வந்து, தட்டு விழும் கணத்தில் புதிதாக எதுவும் ஒலிக்காமல் முன்னதே நீள்வது. தாளம் தொடங்கும் முன்பே பாட்டைத் தொடங்கும் அதீத எடுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாக இராது.

இந்தத் தாளக் குணம் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வந்த ரீல்களோடு மட்டும் வந்ததல்ல. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் வழிவந்தது. அடிமை முறை நிலவிய காலம் முழுவதும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ தன் மாமா பெண்டில்டன் வாண்டிவரிடம் பிடில் மெட்டுகளைக் கற்றார். கூடவே கென்டக்கியின் கறுப்பினக் கலைஞர் ஆர்னால்டு ஷுல்ட்ஸோடு நடனங்களில் வாசித்தார், அவருடைய தாக்கத்தைப் பிற்காலம் வரை சொல்லிவந்தார். வட கரோலினாவின் மீபன் ஊரைச் சேர்ந்த ஜோ தாம்சன் (1918–2012) அந்தக் கறுப்பின பிடில் மரபின் கடைசிக் கண்ணிகளில் ஒருவர். ‘கரோலினா சாக்லெட் டிராப்ஸ்’ குழுவினர் அவர் வீட்டுக்கே போய்க் கற்றார்கள். மெட்டு ஓரிடத்திலிருந்தும் துள்ளல் வேறோர் இடத்திலிருந்தும் வந்து கலந்த இசை இது. துள்ளலை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கற்றுக்கொள்பவர் பாதியைத்தான் கற்கிறார்.

வில் செய்யும் வேலை

பிக்கைப் பற்றிப் பேசும் முன் வில்லைப் பார்க்க வேண்டும். பிடில்காரர்களிடம் ‘ஷஃபிள்’ எனப்படும் சில இழுப்பு வகைகள் உண்டு. நாஷ்வில் ஷஃபிளில் ஒரு நீண்ட இழுப்பு, இரண்டு குட்டை இழுப்பு. ஜார்ஜியா ஷஃபிளில் மூன்று ஸ்வரங்கள் ஒரே இழுப்பில் சேர்ந்து வரும், ஒன்று தனித்து வரும். அந்தத் தனித்த குட்டை இழுப்பில்தான் அழுத்தம். அது பிரதான தட்டில் விழாமல் தள்ளி விழும்படி வைப்பார்கள். ஏட்டில் எட்டு ஸ்வரங்களும் ஒரே அளவாக எழுதப்பட்டிருக்கும். வில் அவற்றை மூன்றும் ஒன்றுமாகக் கட்டுவதால் காதில் விழுவது வேறொரு தாளம்.

மூன்றாவது வகை டபுள் ஷஃபிள். எர்வின் ரவுஸ் 1930களின் இறுதியில் உருவாக்கிய ‘ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷல்’ மெட்டைக் கேட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். வில் ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குத் தாவித் தாவி, தகிட தகிட என்ற சுழற்சியை உண்டாக்கும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று: வில் பொதுவாகக் கீழும் மேலுமாக ஒழுங்கு மாறாமல் போய்க்கொண்டுதான் இருக்கும். மூன்றின் கட்டு கையின் திசையால் வருவதல்ல, எந்தத் தந்தி எப்போது ஒலிக்கிறது என்பதால் வருவது. அடுத்து வரும் வாதத்துக்கு இந்த நுட்பமே திறவுகோல்.

வட கரோலினாவின் சர்ரி கவுண்டியில் வாழ்ந்த டாமி ஜாரல் (1901–1985) போன்ற பழைய பாணிக் கலைஞர்களின் வாசிப்பில் இவை தனித்தனிச் சூத்திரங்களாக இருப்பதில்லை. ஒரே மெட்டின் இரண்டு சுற்றுகளில் வில் வேறு வேறு இடங்களில் திரும்பும். ஸ்வரம் மாறாது, அழுத்தம் இடம் மாறும். மெட்டை ஒரு முறை எழுதிவைத்துக்கொண்டு அப்படியே ஒப்பிப்பவரிடம் இல்லாத உயிர் அங்கே இருக்கிறது.

முதல் விடை: நிற்காத கை

கிதார் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான். கை கடிகார ஊசலைப் போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் இடங்களில் கீழ்வீச்சு. நடுவில் வரும் அரை இடங்களில் மேல்வீச்சு. எந்த ஸ்வரம் எந்தத் தந்தியில் இருந்தாலும் இந்த விதி மாறாது. ஒலிக்க வேண்டிய ஸ்வரம் இல்லையென்றால் பிக் தந்தியைத் தொடாமல் காற்றில் போய்வரும், ஆனால் கை நிற்காது.

சிங்கோபேஷன் சிக்கும் இடம் அந்தக் காற்று வீச்சுதான். ஓர் எளிய உதாரணம்: மூன்றாம் தட்டில் வரவேண்டிய ஸ்வரம் அரைத் தட்டு முன்னால், அதாவது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே வருகிறது. அந்த இடம் மேல்வீச்சுக்கு உரியது, ஆகவே ஸ்வரம் மேல்வீச்சில் ஒலிக்கிறது. அடுத்து மூன்றாம் தட்டு. கை கீழே போகிறது, ஆனால் தந்தியை விட்டு விலகிப் போகிறது. முந்தைய ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மூன்றுக்குப் பின்னால் வரும் அரை இடத்தில் மறுபடி மேல்வீச்சு ஒலிக்கிறது. ஆக ஒலித்த இரண்டு ஸ்வரங்களும் மேல்வீச்சு. பார்ப்பவருக்கு இது விதிமீறலாகத் தோன்றலாம். உண்மையில் விதி காப்பாற்றப்பட்டதால் நடந்தது இது. மூன்றாம் தட்டில் கையை நிறுத்திக்கொண்டு, அடுத்த ஸ்வரத்தைக் கீழ்வீச்சால் தொடங்கியிருந்தால் அங்கிருந்து பார் முடியும் வரை எல்லாம் தலைகீழாகிப்போகும். தொடக்கநிலையில் தாளம் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த சிக்கல் மேல்வீச்சின் பலவீனம். தகிட தகிட தக என்பதை மாறி மாறி வரும் வீச்சில் வைத்துப் பாருங்கள்: கீழ் மேல் கீழ், மேல் கீழ் மேல், கீழ் மேல். முதல் கட்டு கீழ்வீச்சில் தொடங்குகிறது, இரண்டாவது கட்டு மேல்வீச்சில் தொடங்குகிறது. அதாவது பாரின் மிக முக்கியமான அழுத்தம், நான்காவது ஸ்வரம், கையின் பலமற்ற திசையில் வந்து விழுகிறது. கீழ்வீச்சுக்குக் கையின் கனமும் துணை நிற்கும். மேல்வீச்சுக்கு அது கிடையாது. மேல்வீச்சில் வேண்டும்போது பலமாக அழுத்தவும், வேண்டாதபோது கீழ்வீச்சை மெல்லத் தொட்டுவிட்டுப் போகவும் கற்றுக்கொள்வதே இந்த முறையின் முழுப் பாடம். எட்டு ஸ்வரங்களையும் ஒரே ஓசையில் வாசிக்கும் பயிற்சி மட்டும் செய்தவரின் கை வேகமாக ஓடும், ஆனால் மெட்டு தையல் இயந்திரமாகிவிடும்.

இரண்டாவது விடை: தந்திக்கேற்ற கை

கையின் திசையை எண்ணும் இடம் தீர்மானிக்காமல் தந்தியின் இருப்பிடம் தீர்மானிக்கட்டும் என்பது மறுதரப்பு. இதற்கு கிராஸ்பிக்கிங் என்று பெயர். ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தபோது மூன்று விரல்களால் பாஞ்சோவில் உருட்டிய ‘ரோல்’ எல்லோரையும் கட்டிப்போட்டது. மூன்று விரல், எட்டு ஸ்வரம்: 3+3+2 அங்கே தானாகவே விளைந்தது. அந்த உருட்டலை ஒரே பிக்கால் கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர்கள் இருவர். மாண்டலினில் ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் (1929–2023), கிதாரில் ஜார்ஜ் ஷஃப்ளர் (1925–2014).

ஷஃப்ளர் ஸ்டான்லி பிரதர்ஸ் குழுவில் வாசித்தவர். அவருடைய முறை: கீழ் கீழ் மேல். கிதாரின் நான்காவது, மூன்றாவது, இரண்டாவது தந்திகளை எடுத்துக்கொள்வோம். நான்காவதைக் கீழ்வீச்சில் தட்டிய பிக் அப்படியே சரிந்து மூன்றாவதையும் தட்டுகிறது. பிறகு இரண்டாவது தந்தியைத் தாண்டிப்போய் அதை மேல்வீச்சில் தட்டிவிட்டு, வந்த வழியே மேலே ஏறி மறுபடி நான்காவதில் நிற்கிறது. ஒரு கட்டுக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். கை செய்வது ஒரே ஒரு வட்டம். ஒவ்வொரு கட்டின் முதல் ஸ்வரமும் கீழ்வீச்சில் வருவதால் அழுத்தம் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. கடைசி இரண்டு ஸ்வரங்களைக் கீழ், மேல் என்று முடித்தால் பார் சரியாக எட்டில் அடங்கிவிடும்.

மெக்ரெனால்ட்ஸின் முறை கீழ் மேல் மேல். கனத்த தந்தியில் கீழ்வீச்சு, உச்சத் தந்தியில் மேல்வீச்சு, அதே ஏற்றத்தில் நடுத் தந்தியிலும் மேல்வீச்சு. பாஞ்சோவின் பின்னோக்கிய உருட்டலை நெருங்கும் ஓசை இதில் வரும். இரண்டு முறையிலும் கிடைப்பது அதே 3+3+2தான். ஆனாலும் எந்த ஸ்வரம் கூர்மையாக விழுகிறது, எது மங்குகிறது என்பது மாறுவதால் காதுக்கு இரண்டும் வெவ்வேறு.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. மூன்றின் வட்டத்தில் சுழலும் கைக்கு இரண்டின் தாளத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஊசல் கை பாரின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அதன் திசையே சொல்லிவிடும். இங்கே திசை எதையும் சொல்லாது. எனவே கிராஸ்பிக்கிங்கிலிருந்து சாதாரண ஓட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் தடுமாற்றம் வரும். பார் முடிவில் கீழ், மேல் என்று வரும் அந்த ‘தக’தான் திரும்பி வரும் வாசல். அதைச் சுத்தமாக வாசிக்கப் பழகாதவர் அடுத்த பாருக்குத் தப்பான திசையில் நுழைவார்.

கிளாரன்ஸ் ஒயிட் (1944–1973) இரு தரப்பையும் ஒரே கையில் இணைத்தவர். கென்டக்கி கர்னல்ஸ் குழுவோடு அவர் 1964இல் வெளியிட்ட ‘அப்பலாச்சியன் ஸ்விங்’ இசைத்தட்டில் ‘பில்லி இன் த லோகிரவுண்ட்’ மெட்டைக் கேட்டால் புரியும். எதிர்பார்க்கும் தட்டில் ஸ்வரத்தை வைக்காமல் விட்டுவிட்டு அடுத்த அரை இடத்தில் வைப்பதும், ஒரு சொற்கட்டைப் பார் எல்லைக்கு அப்பால் தள்ளி முடிப்பதும் அவருக்குச் சர்வசாதாரணம். அவர் வைத்திருந்த 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28 கிதார் பின்னர் டோனி ரைஸ் (1951–2020) கைக்கு வந்தது. ஒயிட்டின் தாள நோக்கை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்த்ததும் ரைஸ்தான். 1979இல் வந்த ‘மன்சனிட்டா’ அதற்குச் சாட்சி. இவர்களைப் போலச் செய்து பழகுபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது அவர்கள் வைத்த ஸ்வரங்களை மட்டுமே. அவர்கள் வைக்காமல் விட்டவற்றில்தான் பாடம் இருக்கிறது.

மூன்றாவது விடை: கீழ்வீச்சின் பலம்

பில் மன்றோவின் மாண்டலின் இந்த இரண்டு கணக்கிலும் அடங்காது. அடுத்தடுத்துக் கீழ்வீச்சாகவே வாசிப்பது அவருக்குப் பிடித்த வழக்கம். மாறி மாறி வீசுவதில் கிடைக்கும் வேகம் இதில் கிடைக்காது; பதிலாகக் கனமும் ஒரே சீரான ஓசையும் கிடைக்கும். இடையே ஒரு மேல்வீச்சை வைத்தால் அது தனித்துத் துள்ளும். எல்லா ஸ்வரத்தையும் ஓட்டிக்காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இருந்ததில்லை. மெட்டின் எலும்பை மட்டும் கீழ்வீச்சில் நிறுத்திவிட்டு மீதியைக் கேட்பவரின் காதுக்கே விட்டுவிடுவார். துணைவாசிப்பில் அவர் மாண்டலினால் அரைத் தட்டுகளில் வெட்டிய ‘சாப்’ புளூகிராஸ் குழுவுக்கே தாளக் கருவியாயிற்று. பயிலும் கைக்கு இதில் கிடைக்கும் பாடம் எளிது: மெட்டில் பத்து ஸ்வரங்கள் குறைந்தாலும் ஆட்டம் நிற்காது, அழுத்தம் இடம் மாறினால் நின்றுவிடும்.

ஜிக்: மூன்றின் கணக்கு

ரீலை விட்டு அயர்லாந்தின் ஜிக் என்னும் நடன மெட்டுக்கு வந்தால் கேள்வியே மாறுகிறது. ஒரு பாரில் ஆறு ஸ்வரங்கள், மூன்று மூன்றாக இரண்டு கட்டு. அயர்லாந்தின் டெனர் பாஞ்சோ, மாண்டலின் வாசிப்பவர்களில் பலர் கீழ் மேல் கீழ், கீழ் மேல் கீழ் என்று வாசிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டும் கீழ்வீச்சில் தொடங்குவதால் ஆட்டத்தின் தட்டு தெளிவாக விழும். கட்டுக்குக் கட்டு இரண்டு கீழ்வீச்சு அடுத்தடுத்து வருவதால் அந்த இடத்தில் கை சற்று விரைந்து மேலே போய்த் திரும்ப வேண்டும். ஊசல் விதியைக் கைவிடாதவர்கள் இதிலும் கீழ் மேல் கீழ் மேல் கீழ் மேல் என்றே ஓட்டுவார்கள். அவர்களுக்கு வேகம் எளிதாக வரும், ஆனால் இரண்டாவது கட்டு மேல்வீச்சில் தொடங்குவதால் தட்டு தளரும் ஆபத்து உண்டு.

டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா (1939–2012) டெனர் பாஞ்சோவைப் பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே அதே சுருதி வரிசையில் கட்டி வாசித்துப் பரப்பினார். அதனால் பிடில் மெட்டின் விரல் வழி அப்படியே பாஞ்சோவுக்கு வந்தது. வில்லின் சேர்ப்பு வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப அயர்லாந்து வாசிப்பாளர்கள் கையாள்வது ‘டிரெபிள்’: ஒரு ஸ்வரத்தின் இடத்தில் மூன்று வேகமான வீச்சு. பிடிலில் வில்லின் நுனி தரும் சிலிர்ப்பை இது பிக்கில் தருகிறது. இதைத் தட்டில் வைக்காமல் தட்டுக்கு முந்தைய இடத்தில் தொடங்கினால் ஒரே நொடியில் மெட்டு முன்னே பாயும்.

இடது கையும் பிக்கும்

வில் மூன்று ஸ்வரங்களை ஒரே இழுப்பில் சேர்ப்பதற்குக் கிதாரில் நேரான மாற்று இடது கையிடம்தான் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தைப் பிக்கால் தட்டிவிட்டு அடுத்ததை விரலால் அழுத்தியோ விரலை இழுத்துவிட்டோ ஒலிக்கச் செய்யலாம். தட்டப்பட்ட ஸ்வரம் உரக்கவும் விரல் கொடுத்த ஸ்வரம் மென்மையாகவும் விழும். எது பிக்குக்கு, எது விரலுக்கு என்று தீர்மானிப்பதன் மூலம் அழுத்தத்தை வேண்டிய இடத்தில் வைக்கலாம். பலமான தட்டில் வரும் ஸ்வரத்தை விரலுக்கு விட்டுவிட்டு அதற்கு முந்தைய அரை இடத்தைப் பிக்குக்குக் கொடுத்தால் சிங்கோபேஷன் ஆயிற்று. இந்த நேரத்திலும் ஊசல் கை நிற்காது. விரல் ஒலிக்கும் கணத்தில் பிக் காற்றில் போய்வரும். பழைய பாணியின் கிளாஹேமர் பாஞ்சோவிலும் இதே தர்க்கம்தான்: நகத்தால் கீழே தட்டுவது, ஐந்தாவது தந்தியைக் கட்டைவிரலால் எடுப்பது, இடையில் இடது கை விரல் தரும் ஸ்வரம். மூன்றின் பங்கீட்டில் அழுத்தம் நகர்கிறது.

பிக்கின் கனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெல்லிய பிக் தந்தியில் பட்டதும் வளையும். வளைந்த பிக் தாமதமாக விடுபடும், தட்டின் கூர்மை போய்விடும். அதனால் இந்த இசைக்காரர்கள் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்தையே விரும்புகிறார்கள். பிக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் மேல்வீச்சு தந்தியில் சிக்காமல் வழுக்கிப் போகும். இறுகப் பிடிக்கும் கை பாரின் பாதியில் களைத்துவிடும்.

பயிற்சியின் ஒழுங்கு

இத்தனை முறைகளுக்கும் நடுவே கற்பவர் எதில் தொடங்குவது? மெட்டை வாசிக்கும் முன் வாயால் சொல்லுங்கள். காலால் தட்டு போட்டுக்கொண்டு தகிட தகிட தக என்று சொல்லி, தகதிமி தகதிமிக்கும் அதற்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். வாய்க்கு வராதது கைக்கு வராது. பிறகு ஒரே தந்தியில், ஸ்வரம் மாற்றாமல், ஊசல் வீச்சில் அதையே வாசித்து நான்காவது ஸ்வரத்தின் மேல்வீச்சை மட்டும் அழுத்திப் பார்க்கலாம். அது மற்றவற்றிலிருந்து தனித்துக் கேட்கும் வரை தந்தி மாற்றத் தேவையில்லை. அடுத்த படி, அழுத்தம் விழும் மூன்று ஸ்வரங்களை மட்டும் ஒலிக்கவிட்டு மீதி ஐந்தையும் காற்றில் விடுவது. கேட்க எளிதாகத் தோன்றும், செய்து பார்த்தால்தான் கை எங்கே ஏமாற்றுகிறது என்று தெரியும்.

மெட்ரோனோமைத் தட்டில் வைத்துப் பழகுவதைவிட அரைத் தட்டில் வைத்துப் பழகுவது பயன் தரும். கருவி ‘டிக்’ என்னும் இடம் தட்டுக்கு நடுவில் விழட்டும், தட்டை நாமே காலால் சுமக்க வேண்டும். அப்போதுதான் தாளம் கருவியிடமிருந்து வாசிப்பவருக்குக் கைமாறும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் வழக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. மெதுவாக வாசிக்கும்போது கை அகலமாக வீசினாலும் ஒன்றும் ஆகாது. வினாடிக்கு எட்டு ஸ்வரம் என்னும்போது அந்த வீச்சு சரிப்படாது. ஆகவே மெதுவாகப் பழகும்போதே வீச்சைச் சிறிதாக வைக்க வேண்டும். நடுநடுவே ஒரே ஒரு பாரை மட்டும் முழு வேகத்தில் வாசித்துப் பார்த்துக் கையின் அளவைச் சரிபார்க்கவும் வேண்டும்.

டேப் எனப்படும் எண் குறிப்பு எந்தத் தந்தியில் எந்தக் கட்டை என்று சொல்லும். நல்ல புத்தகமானால் வீச்சின் திசையையும் சொல்லும். அழுத்தத்தை அது பெரும்பாலும் சொல்வதில்லை, ஸ்வரங்களின் லேசான நீள வேறுபாட்டைச் சொல்வதே இல்லை. ரீலின் எட்டு ஸ்வரங்கள் ஏட்டில் சமம். வாசிப்பில் முதலாவது சற்று நீண்டு அடுத்தது சற்றுக் குறுகும். இந்த அசைவு பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும். அதற்கு ஒரே மருந்து கிதார் பதிவுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிடில்காரரைக் கேட்பதுதான். எக் ராபர்ட்சன் 1922இல் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவுசெய்த ‘சாலி குடன்’ மெட்டிலிருந்தே தொடங்கலாம். ஒரே சிறு மெட்டை அவர் மறுபடி மறுபடி மாற்றி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே, வில் எங்கே திரும்புகிறது என்று விரலால் மேசையில் தட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். வில் திரும்பும் இடத்தில் பிக், வில் சேர்க்கும் இடத்தில் இடது கை. மெட்டுக்கு உகந்த வீச்சு அப்படித்தான் தெரியவரும்.

நம் பக்கத்தில் ஒரு தொடர்ச்சி

இந்த மெட்டுகளின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதி நொட்டு ஸ்வரங்களாக்கினார். அவற்றில் ஒன்றான ‘வந்தே மீனாட்சி’யின் மெட்டு அயர்லாந்தின் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் பிடிலைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர். அந்த மெட்டுகள் இங்கே சங்கராபரணத்தில் நேரான தாளத்தில் நிலைத்துவிட்டன. அப்பலாச்சியாவில் கிடைத்த துள்ளல் அவற்றுக்கு வாய்க்கவில்லை. பிக்கின் கேள்விக்கு நம் பக்கத்து விடை மாண்டலின் சீனிவாஸிடம் (1969–2014) இருந்தது. ஒரு மீட்டில் எழுந்த ஒலியை இடது கை விரலால் இழுத்து, வழுக்கி, பிடிலின் வில் தரும் தொடர்ச்சியை அவர் பிக் வாத்தியத்தில் கொண்டுவந்தார். வாட்சனின் சிக்கலும் அவருடைய சிக்கலும் அடிப்படையில் ஒன்றே: தேய்ந்துபோகும் ஒலியைக் கொண்டு தொடரும் ஒலியின் வேலையைச் செய்வது.

தேர்வு

ஜிக்கின் வீச்சையும் சேர்த்து நான்கு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவை சமநிலையில் இல்லை. நிற்காத கை மற்ற மூன்றுக்கும் அடித்தளம். அதை ஸ்வரத்தின் திசையைச் சொல்லும் சட்டமாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தகராறு வருகிறது. அது தாளத்தைச் சுமக்கும் ஏற்பாடு. கிராஸ்பிக்கிங் மூன்று தந்திகளில் பரவிய சொற்கட்டுக்கு உரிய நிறம். அதைப் பயன்படுத்துபவர் எந்த இடத்தில் உள்ளே போகிறார், எந்த இடத்தில் வெளியே வருகிறார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கீழ்வீச்சின் கனம் வேகம் குறைந்த, எலும்பு தெரியும் மெட்டுகளுக்கு. ஜிக்கில் கீழ் மேல் கீழ் என்பதையே முதலில் பழகலாம். ஆடுபவருக்கு வேண்டிய தட்டு அதில்தான் உறுதியாக விழும்.

டபுள் ஷஃபிளில் வில் ஒழுங்கு மாறாமல் போய்க்கொண்டிருக்க, மூன்றின் சுழற்சி தந்தி மாற்றத்திலிருந்து பிறந்ததைப் பார்த்தோம். பிக்குக்கும் அதுவே வழி. அழுத்தத்துக்காகக் கையின் திசையைக் குழப்ப வேண்டியதில்லை. எதை ஒலிக்கவிடுவது, எதை விரலுக்கு விடுவது, எதைக் காற்றில் விடுவது என்ற மூன்று முடிவுகளிலேயே சிங்கோபேஷன் முழுவதும் அடங்கிவிடுகிறது. இந்த முடிவுகளைப் பிடில்காரரின் வில்லைக் கேட்டு எடுப்பவர் எந்த வீச்சு முறையைப் பின்பற்றினாலும் மெட்டு ஆடும். புத்தகத்தைப் பார்த்து எடுப்பவருக்கு எந்த முறையும் போதாது.